உட்கார அனுமதி

ஒரு மனிதன் நாற்காலியில் உட்கார என்ன வேண்டும்? என்னைக் கேட்டால் நாற்காலி வேண்டும் என்பேன். நான் வெறும் லேடி டைப்பிஸ்ட், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கல்பவிருட்ச பேங்க் லிமிடெட்டின் தண்டு, அதாவது கண்டோன்மெண்ட், கிளையைக் கேட்டால் ஒரு கமிட்டி வேண்டும், ஒரு தச்சர் வேண்டும், போட்டோகிராபர் வேண்டும், தலைமை அலுவலகத்தின் கடிதம் வேண்டும், ஏஜெண்டின் சொற்பொழிவு கட்டாயம் வேண்டும் என்பார்கள். அவ்வளவும் முடிந்த பிறகும் அந்த மனிதன் நின்றுகொண்டுதான் இருப்பான். இது நான் கண்ணால் கண்டது. கண்டதோடு விட்டார்களா, மூன்று காப்பி வைத்து டைப் அடிக்கவும் சொன்னார்கள்.

அறுபத்தொன்றாம் வருஷம் நடந்தது. கிளை மானேஜரை அப்போது ஏஜெண்ட் என்போம். எங்கள் ஏஜெண்ட் ரங்கா ராவ். யார் எதில் உட்காரலாம் என்பதற்கு எங்கள் பேங்கில் ஃபர்னிச்சர் ரூல் என்று ஒன்று உண்டு. ஏஜெண்டுக்கு மெத்தை வைத்த சுழல் நாற்காலி. அக்கவுண்டண்டுக்குக் கை வைத்த பிரம்பு நாற்காலி. ஆனால் அது சுழலக் கூடாது. குமாஸ்தாவுக்குக் கை இல்லாத நாற்காலி. எனக்கும் அதேதான், கொஞ்சம் குட்டையாக. டைப்பிஸ்ட் உயரமாக உட்கார்ந்தால் வாடிக்கையாளர்களுக்கு மரியாதைக் குறைவாம். பியூனுக்கு ஏஜெண்ட் அறை வாசலில் ஒரு ஸ்டூல் உண்டு. அதிலும் ஏஜெண்டின் கண்ணில் படாத நேரத்தில்தான் உட்காரலாம். ஏஜெண்டின் நாற்காலி வாசலைப் பார்த்தே போடப்பட்டிருந்ததால், அந்த ஸ்டூல் வாங்கிய அன்று இருந்த பளபளப்பு குறையாமல் அப்படியே இருந்தது.

அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் எட்டு வருஷமாக நின்றவர் பச்சைமுத்து. ஜீவனஹள்ளிக்காரர். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், அதிலும் கணக்கில் நல்ல மார்க். குமாஸ்தா வேலைக்கு பேங்க் நடத்தும் போட்டிப் பரீட்சையை ஊழியர்களும் எழுதலாம். ஆனால் இருபத்தெட்டு வயது தாண்டினால் எழுத முடியாது. பச்சைமுத்து இரண்டு தடவை எழுதித் தோற்றிருந்தார். அடுத்த மாதம் அவருக்கு இருபத்தெட்டு முடிகிறது. இந்தத் தடவையும் போனால் ரிடையராகும் வரை காக்கிச் சட்டையும், ஏஜெண்ட் வீட்டு நாயைக் குளிப்பாட்டும் பாக்கியமும்தான்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தேர்வெழுதும் ஊழியர்களுக்குக் கடைசி நேரத் திருப்புதலுக்காகத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஓர் அதிகாரியின் மேற்பார்வையில் சகல வசதியும் செய்து தர வேண்டுமாம். ஏஜெண்டுக்கு ஒரே குஷி. எங்கள் எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார். அவருக்குத் தாய்மொழி கன்னடம். தமிழில் பேசினால் கன்னடமும் கூடவே வரும்.

"நம்ம பியூன் குமாஸ்தா ஆனா யாருக்கு ஹெசரு, நல்ல பேரு? கிளைக்கு. கிளைன்னா யாரு? நான். அதனால நாமெல்லாம் சேர்ந்து இவனைப் படிக்க வைக்கணும். பரீட்சைன்னா என்ன கஷ்டம்னு எனக்கு சென்னாகித் தெரியும். நான் எழுதலை. எங்க சோதரமாவா, தாய்மாமன், இங்க டைரக்டர் ஆகியிருந்தார். 'நாளைக்கு வாப்பா'ன்னார், வந்தேன். ஆனா எழுதினவங்களைப் பார்த்திருக்கேன் அல்லவா? பாவம்!" என்றார்.

நாங்கள் கை தட்டினோம். பச்சைமுத்துவும் தட்டினார்.

மறுநாள் ஏஜெண்ட் அறையிலேயே திருப்புதல் தொடங்கியது. அக்கவுண்டண்ட் ஓஸ்வால்ட் வட்டிக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். அவர் பிரம்பு நாற்காலியில், ஏஜெண்ட் சுழல் நாற்காலியில், நடுவில் பச்சைமுத்து நின்றபடி. இடது உள்ளங்கையில் நோட்டை வைத்து வலது கையால் எழுதினார். பென்சில் நோட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளங்கையில் குத்தியது. எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது.

"வாட் மேன், இது சைபரா ஆறா?" என்றார் ஓஸ்வால்ட். "டேபிள் மேல வச்சு எழுது மேன்."

பச்சைமுத்து குனிந்து மேசைமேல் நோட்டை வைத்தார். உடனே வாசலில் நின்றிருந்த ஹெட் கிளார்க் கோவிந்தப்பா பாய்ந்து வந்தார். பேங்கின் ரூல் முழுவதும் அவருக்கு மனப்பாடம். மனைவியின் பெயரைக் கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்.

"சார், சார்! ஏஜெண்ட் மேசை மேல பியூன் கை வைக்கலாம். ஆனா தொடைக்கிறதுக்கு மட்டும்தான். எழுதறதுக்கு ரூல் இல்ல."

"அப்போ இவன் எங்க எழுதணும்?"

"அதாங்க சார் கேள்வி. குந்தினாத்தான் எழுத வரும். ஆபீசர் எதுருல பியூன் குந்தறதுக்கும் ரூல் இல்ல."

அன்றைய திருப்புதல் அத்தோடு நின்றது. இருக்கைக் கமிட்டி பிறந்தது.

கமிட்டி மூன்று நாள் கூடிப் பேசியது. நான் குறிப்பெடுத்தேன். பச்சைமுத்து எல்லோருக்கும் காபி வாங்கி வந்தார். குமாஸ்தா நாற்காலியில் உட்கார வைக்கலாமே என்றார் ஓஸ்வால்ட். பரீட்சை எழுதும் முன்பே குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்தால் முடிவை முன்கூட்டியே வெளியிட்ட குற்றமாகும் என்றார் கோவிந்தப்பா. வாசல் ஸ்டூலை உள்ளே கொண்டுவரலாமே என்று கேட்டதற்கு, ஸ்டூல் உள்ளே வந்தால் வாசல் காலியாகும், ஏஜெண்ட் அறை வாசல் ஒரு நிமிஷம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்றார். சரி, தரையில்? தரை பெருக்குவதற்காக மட்டுமே என்றார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "கமிட்டி வெளிய போய்ட்டு அவரு மட்டும் ரூம்ல குந்தினா?" என்று கேட்டுவிட்டேன். கமிட்டி என்னைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, டைப்பிஸ்டின் கருத்து குறிப்பில் இடம்பெறாது என்று குறிப்பில் எழுதச் சொன்னது.

கடைசியில் தலைமை அலுவலகத்திடம் கேட்பது என்று தீர்மானமானது. தலைமை அலுவலகம் நாலு தெரு தள்ளித்தான். கடிதத்தை யார் கொண்டுபோவது? பியூன்தான். எப்போது? ஆபீஸ் வேலை கெடக் கூடாது, ஆகவே திருப்புதல் நேரத்தில். பச்சைமுத்து போனார். அங்கேயும் நின்றார். இன்று போய் நாளை வரச் சொன்னார்கள். நாளை போனதற்கு மறுநாள் வரச் சொன்னார்கள். தன்னை உட்கார விடலாமா என்று கேட்கும் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் நாள் கணக்கில் வராந்தாவில் நின்ற கூத்தை வேறெங்கே பார்ப்பீர்கள்?

பதில் வந்தது. "தேர்வர் உட்காருவதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் இருக்கையானது ஸ்டூலுக்கு மேலாகவும் குமாஸ்தா நாற்காலிக்குக் கீழாகவும் இருத்தல் வேண்டும்."

தச்சரைக் கூப்பிட்டார்கள். "இன்னா சார் வோணும், ஸ்டூலா, நாற்காலியா?" என்றார் அவர்.

"ரெண்டும் இல்லப்பா. நடுவுல ஒண்ணு" என்றார் கோவிந்தப்பா.

தச்சர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கேட்டார். நல்ல மனிதர், செய்தும் கொண்டுவந்தார். ஸ்டூலுக்கு இடுப்பளவு முதுகு வைத்தது போல ஒரு வஸ்து. பார்க்கச் சகிக்கவில்லை என்றாலும் உட்கார முடியும் போலத்தான் இருந்தது. இனியாவது படிக்க விடுவார்கள் என்று நான் நினைத்தேன். பைத்தியக்காரி நான். புது இருக்கையைத் திறந்து வைக்க வேண்டாமா?

விழாவுக்கு மைக் செட் கொண்டுவந்தவர் பச்சைமுத்து. பெஞ்சுகளைச் சுமந்தவர் பச்சைமுத்து. இருக்கைக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டு, கத்தரிக்கோல் வைத்த தட்டை ஏந்தி நின்றவரும் அவரே. ஏஜெண்ட் ரிப்பனை வெட்டினார். போட்டோகிராபர் "ஒரு போஸ் சார்" என்றார். ஏஜெண்ட் புது இருக்கையில் உட்கார்ந்து போஸ் கொடுத்தார். உட்கார்ந்தவாக்கில் மைக்கைப் பிடித்தார்.

"ஏழைகளை மேலே தூக்கணும்னு எல்லாரும் பேசறாங்க. தூக்கறதுக்கு முன்னாடி எவ்ளோ உயரம் தூக்கணும்னு அளவு எடுத்தது நாம ஒருத்தர்தான். ஸ்டூலுக்கு மேல, நாற்காலிக்குக் கீழ! ஒரு அங்குலம் ஜாஸ்தி ஆகக் கூடாது. ஜாஸ்தி ஆச்சுன்னா நாளைக்கு எங்க நிப்பாங்க? நிக்கவே மாட்டாங்க!"

பலத்த கைதட்டல். பேச்சு முடிந்து ஏஜெண்ட் எழுந்தார். பச்சைமுத்து நோட்டுப் புத்தகத்தோடு தயங்கித் தயங்கி இருக்கையை நெருங்கினார். அவர் முழங்கால் வளைவதற்குள் கோவிந்தப்பா கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"இன்னாப்பா பண்றே? ஏஜெண்ட் சார் குந்தின சீட்டு ஏஜெண்ட் சார் சீட்டு. அதுல பியூன் குந்தறதா?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரூல்படி அது சரிதான். ஏஜெண்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹௌது, அது நிஜம்" என்றார். புது இருக்கைக்கு வெல்வெட் உறை தைத்து ஏஜெண்ட் அறை மூலையில் வைத்தார்கள். தினமும் அதைத் தூசு தட்டும் வேலை பச்சைமுத்துவுக்குக் கிடைத்தது. மீதி நாட்களின் திருப்புதல், அந்த இருக்கைக்குப் பக்கத்தில் நின்றபடியே தொடர்ந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. டிபன் நேரத்தில் பச்சைமுத்துவைப் பழைய காகிதக் கட்டுகள் கிடக்கும் பின்கட்டு அறைக்குக் கூப்பிட்டேன். போன வருஷக் கேள்விகளை நான் படிக்கிறேன், நீங்கள் எழுதுங்கள் என்றேன். ஒரு மரப்பெட்டியைக் காட்டினேன். அவர் அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"குந்துங்க பச்சைமுத்து."

"பரவால்ல மிஸ்."

"இங்கதான் ஆபீசர் யாரும் இல்லியே?"

"நீங்க கீறீங்களே மிஸ். நீங்க கிளார்க் கிரேடு."

எனக்கு வந்ததே கோபம்! "யோவ், எங்கப்பா கேஜிஎஃப்ல பூமிக்கடியில இறங்கி வேல செஞ்சவரு. மேல எப்ப பாறை சரியும்னு தெரியாத எடம். அங்க கூட டிபன் டைம்ல குந்திதான்யா சாப்ட்டாங்க!"

"எனுக்கும் ஆசதான் மிஸ். முட்டி மடங்க மாட்டேங்குது" என்றார் பச்சைமுத்து. அவர் முகத்தைப் பார்த்ததும் கத்தியதற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அப்போதுதான் அவருக்குச் சோறு கொண்டுவந்த அவர் மனைவி தனக்கோடி கதவோரம் நிற்பதைப் பார்த்தேன். காக்ஸ் டவுன் பக்கம் ஒரு விறகு டிப்போவில் கட்டுக் கட்டும் வேலை அவளுக்கு. கட்டைவிரலெல்லாம் காய்த்துப்போயிருந்தது. புருஷனை வெளியே போய்ச் சாப்பிடச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினாள்.

"படிப்பு வராம பெயிலாவல மிஸ்ஸம்மா. வூட்ல பாயில கவுந்து படுத்துக்கினு அல்லா கணக்கும் போட்டுடுவாரு. ஹாலுல பேன்ட்டு போட்ட ஆளு எவன் பக்கத்துல வந்தாலும் எழுந்து நின்னுடறாரு. அந்த ஆளு நகர்ற வரிக்கும் எழுத மாட்டாரு. போன தடவ ஒரு ஆபீசரு இவரு பின்னாடியே நின்னுக்கினாராம். இவரும் மணி அடிக்கற வரிக்கும் நின்னுக்கினே இருந்துட்டாரு."

"அடக் கடவுளே!"

"இத்தோட வயசு முடியுது. போச்சுன்னா போச்சுதான். எனுக்கு அவரு குமாஸ்தா ஆவணும்னு கூட இல்ல மிஸ்ஸம்மா. பயமில்லாம ஒரு எடத்துல குந்தி பாக்கணும். அவ்ளோதான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பரீட்சைக்கு முந்தைய நாள் கோவிந்தப்பாவின் மூளையில் ஒரு மின்னல். "சார், பரீட்சைய குந்திக்கினு எழுதணும். நம்ம கேண்டிடேட்டுக்கு நின்னு எழுதத்தான் ட்ரெய்னிங் குடுத்துட்டோம்!"

கிளையே பதறியது. உடனே உட்காரும் ஒத்திகைக்கு உத்தரவானது. கடைசி நாள் என்பதால் ரூலைக் கொஞ்சம் தளர்த்தி, எல்லாவற்றிலும் குட்டையான என் நாற்காலியை எடுத்துக்கொண்டார்கள். நான் நின்றுகொண்டு டைப் அடித்தேன். பச்சைமுத்துவை ஓஸ்வால்ட் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார். உட்கார்ந்துவிட்டாரா என்று பார்க்க ஏஜெண்ட் அறையிலிருந்து வந்தார். ஏஜெண்ட் வந்ததும் பச்சைமுத்து எழுந்தார். ஏஜெண்ட் போனார். மறுபடி அமுக்கினார்கள். ஏஜெண்ட் மறுபடி எட்டிப் பார்த்தார். பச்சைமுத்து மறுபடி எழுந்தார். சாயந்திரம் வரை இதே கதை. ஓஸ்வால்டுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

"சீ! இந்த ஆளுக்கு உட்காரவே பரோல்ல, வராது!" என்று ஏஜெண்ட் அலுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "மிஸ், டைப் அடி. கிளை சகல வசதியும் செய்து கொடுத்தது. தேர்வர் பயன்படுத்திக்கொள்ளத் தவறினார்" என்றார். அடித்தேன். அன்று அந்த மெஷின் என்னிடம் வாங்கிய குத்து அதற்குத்தான் தெரியும்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. மேற்பார்வைக்கு எங்கள் ஏஜெண்டையே போட்டிருந்தார்கள். வினாத்தாள் கொடுக்கவும் மணி அடிக்கவும் நான். சீக்கிரமே போய்விட்டேன். எனக்கு முன்பே பச்சைமுத்துவும் தனக்கோடியும் ஹாலுக்குள் இருந்தார்கள். டெஸ்கும் பெஞ்சும் ஒன்றாகச் சேர்ந்த பழைய காலத்துத் தேக்கு. நாலு பேர் சேர்ந்தாலும் நகராது. தனக்கோடி கிழிந்த சேலைத் துண்டால் புருஷனின் இடுப்பைச் சுற்றி, பெஞ்சுப் பலகையோடு சேர்த்து, விறகுக் கட்டுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்றே தனக்கோடி?"

"ஒண்ணியும் கேக்காதீங்க மிஸ்ஸம்மா. நீங்க பாக்கவேல்ல" என்று பல்லால் முடிச்சை இறுக்கினாள். நான் பார்க்கவே இல்லை.

ஏஜெண்ட் உள்ளே வந்தார். பச்சைமுத்துவின் உடம்பு தானாக எழும்பியது. ஓர் அங்குலம் போனதும் முடிச்சு பிடித்து இழுத்து உட்கார வைத்தது. மறுபடி எழப் பார்த்தார். பெஞ்சு முனகியது. ஏஜெண்ட் அவர் பக்கத்தில் வந்து நின்று இருமினார். எங்கள் கிளையில் அந்த இருமலுக்கு எல்லோரும் எழுவோம். பச்சைமுத்துவின் நெற்றியில் வியர்வை கொட்டியது. எழவில்லை. இன்னொரு இருமல். எழவில்லை. நிற்க வழியே இல்லை என்று தெரிந்துபோன மனிதருக்கு அந்த ஹாலில் செய்ய வேறு வேலை எதுவும் இல்லை. எழுத ஆரம்பித்தார்.

ஏஜெண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. மேடைக்குப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கோபமோ பழக்கமோ, ஹால் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். "ஏய் பச்சைமுத்து! நீரு கொண்டா!"

எல்லோரும் தலைநிமிர்ந்தார்கள். தேக்கு பெஞ்சு தரையில் கிறீச்சென்று ஒரு விரல்கடை நகர்ந்தது. அப்புறம் பச்சைமுத்துவின் குரல் கேட்டது.

"பானை அந்த மூலைல கீது சார். டம்ளர் மேல கவுத்து வச்சிருக்கு. நான் பரீட்சைல கீறேன்."

ஏஜெண்ட் ரங்கா ராவ் எழுந்து, மூலைக்கு நடந்து, தானே தண்ணீர் மொண்டார். பழக்கம் இல்லாத கை. பாதித் தண்ணீர் கோட்டில் போயிற்று. பச்சைமுத்து அதைப் பார்க்கவில்லை. வட்டிக் கணக்கில் இருந்தார்.

திங்கட்கிழமை வந்ததும், ஏஜெண்ட் நின்றிருந்தபோது பச்சைமுத்து உட்கார்ந்திருந்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ தயாரானது. அதைக் கொடுக்கலாமா என்று தீர்மானிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையில் பியூன் பியூன்தானா என்ற கேள்வியில் கமிட்டி வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டது. அதற்குள் ரிசல்ட் வந்துவிட்டது. பச்சைமுத்து தேறியிருந்தார். அத்திபெலே கிளையில் குமாஸ்தா வேலை. ஊழியரைத் தேற வைத்த கிளை என்று தலைமை அலுவலகம் ஏஜெண்டைப் பாராட்டி எழுதியது. மெமோ குப்பைக் கூடைக்குப் போனது.

வழியனுப்பு விழா வைத்தார்கள். பச்சைமுத்துவை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இந்தத் தடவை பெஞ்சுகளைச் சுமந்தது கோவிந்தப்பா. தனக்கோடி பின்வரிசையில் இருந்தாள்.

"இவன்... இவரு இந்தக் கிளையோட சாதனை" என்றார் ஏஜெண்ட். "வரும்போது இவருக்கு உட்காரத் தெரியாது. சொல்லிக் கொடுத்தது யாரு? நான். அதுக்காக நான் எவ்ளோ தடவை எழுந்து நடந்தேன்னு மிஸ்ஸைக் கேளுங்க. பரீட்சை ஹால்ல கூட, இவரு உட்காரட்டும்னு நான் நின்னேன். நீரு கூட நானே எடுத்துக் குடிச்சேன்!"

பேச்சு முடிந்தது. எல்லோரும் எழுந்து கை தட்டினோம். ஏஜெண்ட் மாலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பச்சைமுத்துவின் முன்னால் வந்து நின்றார். அவர் எழுவதற்காகக் காத்திருந்தார். இருமினார்.

பச்சைமுத்து உட்கார்ந்தே இருந்தார். ஏஜெண்டை நிமிர்ந்து பார்த்து மரியாதையாகச் சிரித்தார். கழுத்தை மட்டும் கொஞ்சம் நீட்டினார்.

கைதட்டல் ஓய்ந்தது. கோவிந்தப்பா எந்த ரூலைத் தேடினாரோ, உதடு மட்டும் அசைந்தது. "சீக்கிரம் சார்" என்றார் போட்டோகிராபர். வேறு வழியில்லை. ஏஜெண்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார், மாலையைப் போட்டார்.

எனக்குச் சந்தேகம். பேனாவைக் கீழே தவறவிட்டு, அதை எடுக்கும் சாக்கில் குனிந்து அந்த நாற்காலிக்கு அடியில் பார்த்தேன். பின்பக்கமும் பார்த்தேன். சேலைத் துண்டு இல்லை, கயிறு இல்லை, ஒன்றும் இல்லை. நிமிர்ந்து பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன்.

தனக்கோடி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "நான் கட்டல மிஸ்ஸம்மா" என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.